பரணில் இருக்கும் புத்தகத்தை யார் எடுப்பார்?

புது வீடு கட்டும்போது பூஜை அறைக்கு இடம் விடுகிறோம். வாஷிங் மெஷினுக்குக் குழாய் வைக்கிறோம். டிவி எந்தச் சுவரில் வரும் என்று எலெக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். புத்தகம் எங்கே இருக்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அது எங்கேயாவது இருந்துகொள்ளும் என்ற நினைப்பு. அப்படித்தான் அது டிவி ஸ்டாண்டுக்கு அடியிலும், பீரோவுக்கு மேலேயும், கட்டிலுக்குக் கீழே அட்டைப்பெட்டியிலும் இருந்து, கடைசியில் லாஃப்ட்டுக்குப் போய்ச் சேர்கிறது. லாஃப்ட்டுக்குப் போன புத்தகம் அடுத்து கீழே இறங்குவது வீடு மாற்றும்போதுதான்.

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில் இருக்கிறது எங்கள் ஊர் கல்லாவி. இந்தப் பக்கத்து வீடுகளில் சேரும் புத்தகங்கள் ஒரு தனி தினுசு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரைக்குமான பள்ளிப் பாடநூல்கள் எல்லா வீட்டிலும் இருக்கும். படிப்பு முடிந்தும் அவை போகாது. டி.என்.பி.எஸ்.சி-க்குப் படிக்கிற யாராவது ஒருவர் வீட்டில் இருப்பார், அவருக்கு அவைதான் மூலதனம். அதற்கு மேல் கைடுகள், பொது அறிவுப் புத்தகங்கள், ஜெராக்ஸ் கட்டுகள். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற அண்ணன் அங்கே புத்தகத் திருவிழாவில் வாங்கி வந்த நாவல்கள். தங்கைக்குப் பள்ளியில் பரிசாகக் கிடைத்த தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகள். பாட்டி வீட்டிலிருந்து வந்த, தையல் பிரிந்த ராமாயணம். கணக்குப் போட்டால் சாதாரண வீட்டிலேயே 300, 400 தேறும். அதை யாரும் ‘லைப்ரரி’ என்று சொல்ல மாட்டார்கள். ‘அடைசல்’ என்பார்கள்.

இந்த வாரம் அந்த அடைசலைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

முதலில், சீர்காழிக்காரர் ஒருவர்

எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரை 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமித்தார்கள். ஆரம்பத்தில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. வகுப்பறைக்கே திரும்பிவிடத் துடித்தார். நூலகப் படிப்புக்காக லண்டன் போனார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தார். ஒரே மாதிரியான சின்னச் சின்னப் பட்டைகளையும் நட்டு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி விதவிதமான வண்டிகள் செய்கிற விளையாட்டு அது. ஒரு புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, வேண்டிய மாதிரி பூட்டிக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்ததுதான் 1933-ல் வெளியான ‘கோலன்’ பகுப்பு முறை. இந்திய நூலகவியலின் தந்தை என்று அவரைச் சொல்வது சும்மா இல்லை.

நமக்கு அந்தப் பகுப்பு முறை வேண்டாம். 400 புத்தகத்துக்கு அது பெரிய தலைவலி. நமக்கு வேண்டியது அவர் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளின் சாரம். புத்தகம் பயன்படுத்துவதற்கானது, பத்திரப்படுத்துவதற்கானது அல்ல என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். வாசிக்கிறவருடைய நேரம் வீணாகக்கூடாது என்கிறார். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் மாதிரி என்று முடிக்கிறார். பூட்டிய அலமாரிக்கு வெளியே நின்று சீட்டு எழுதிக் கொடுத்துப் புத்தகம் வாங்கிய காலத்தில், வாசகரே உள்ளே போய்க் கையால் எடுத்துப் பார்க்கலாம் என்று திறந்துவிட்டவர் அவர். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போனதிலும் அவருடைய பங்கு உண்டு.

இதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தால், ரேக் வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும். இந்தப் புத்தகங்களை வீட்டில் யார் யார் எடுக்க வேண்டும்? அவர்களுடைய கை எட்டுமா?

சிப்பம் கணக்கு

கார்பென்டரிடம் போவதற்கு முன் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். புத்தகத்தின் எடையை நாம் எல்லோருமே குறைத்துத்தான் நினைக்கிறோம். மூன்றடி நீளத் தட்டில் நெருக்கமாக அடுக்கினால் 50 புத்தகம் வரை பிடிக்கும். எடை சுமாராக ஒரு சிப்பம் அரிசி, அதாவது 25 கிலோ. கனமான காகிதமாக இருந்தால் அதற்கும் மேல். ஆறு தட்டு உள்ள ரேக் என்றால் ஆறு சிப்பம். இதைத் தாங்கும் என்று நம்பித்தான் நாம் பார்ட்டிகிள் போர்டு ஷெல்ஃபை ஆன்லைனில் ஆர்டர் போடுகிறோம். ஒரு வருடத்தில் நடுவில் தொட்டில் மாதிரி தொங்கிவிடும். ஈரம் பட்டால் ஊதியும் போகும்.

ப்ளைவுட் என்றால் 18 மி.மீ. கனம் வேண்டும். இரண்டு தாங்கிகளுக்கு நடுவே இரண்டரை அடிக்கு மேல் விடாதீர்கள். ஆழம் 9 அல்லது 10 அங்குலம் போதும். தமிழில் பெரும்பாலான புத்தகங்கள் கிரவுன் அல்லது டெமி அளவில்தான் வருகின்றன. டெமி என்பதே எட்டரை அங்குல உயரம், ஐந்தரை அங்குல அகலம். கார்பென்டர் வழக்கமான துணி அலமாரிக் கணக்கில் ஒன்றரை அடி ஆழம் போடுகிறேன் என்பார். விடாதீர்கள். ஆழம் அதிகமானால் முன்வரிசை, பின்வரிசை என்று இரண்டாக அடுக்கத் தொடங்குவீர்கள். பின்வரிசைக்குப் போன புத்தகமும் லாஃப்ட்டுக்குப் போன புத்தகமும் ஒன்றுதான். தட்டுக்குத் தட்டு 10 அங்குல இடைவெளி, அகராதி, அட்லஸ் மாதிரி பெரியவற்றுக்கு ஒரே ஒரு தட்டில் மட்டும் 13 அங்குலம்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவரிலேயே கடப்பா கல் பதித்த ஷெல்ஃப் இருக்கும். எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆனால் கல்லைக் கரையான் தின்னாதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. பின்னால் இருக்கும் பூச்சுக்குள்ளேயே அது ஏறி வந்து நேராகப் புத்தகத்தில் இறங்கும். சுவரை ஒட்டி அடுக்காமல் ஓர் அங்குலம் இடைவெளி விட்டால் மண் கோடு தெரிந்துவிடும், காற்றும் போகும்.

வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடித்தாலே ஹவுஸ் ஓனருக்கு முகம் மாறும். நாலரை அங்குலச் சுவரும் ஹாலோ பிளாக் சுவரும் ஆறு சிப்பத்தைத் தாங்காது. இந்த வீடுகளுக்கு என்னுடைய சிபாரிசு, மளிகைக் கடைகளிலும் கம்பெனி ஸ்டோர்களிலும் பார்க்கிற துளை போட்ட ஆங்கிள் ரேக். அழகு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தட்டை வேண்டிய உயரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், கழற்றி மூட்டை கட்டி அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஓசூர் மாதிரி தொழிற்சாலை ஊர்களில் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் பாதி விலைக்குக் கிடைப்பதுண்டு. தகரத்தின் ஓரம் வெட்டும் என்பதால் விளிம்பில் ரப்பர் பட்டையோ பழைய சைக்கிள் டியூபோ மாட்டிவிடுங்கள். சின்னக் குழந்தை இருக்கிற வீடு என்றால் மேல் பாகத்தை எப்படியாவது ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். குழந்தைகள் ரேக்கை ஏணி என்றுதான் நினைப்பார்கள்.

ஹாலில் ஏற்கெனவே கண்ணாடி ஷோகேஸ் இருக்கிறதா? அதிலிருக்கும் ஷீல்டுகளையும் பிளாஸ்டிக் பூக்களையும் லாஃப்ட்டுக்கு அனுப்பிவிட்டுப் புத்தகத்தை அங்கே வையுங்கள். லாரி போகிற ரோட்டோரத்து வீடுகளுக்குக் கண்ணாடிக் கதவு பெரிய பாதுகாப்பு. பூட்டு மட்டும் வேண்டாம்.

எஸ்.ராவை எங்கே வைப்பது?

இப்போது அடுக்க வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் ஆசிரியரின் கடைசிப் பெயரை வைத்து அகர வரிசையில் அடுக்கச் சொல்வார்கள். நமக்குக் கடைசிப் பெயரே கிடையாது. எஸ்.ராமகிருஷ்ணன் ‘எ’-வில் வருவாரா, ‘ரா’-வில் வருவாரா? ‘ரா’ என்றால், சிலர் ‘இரா’ என்று எழுதுகிறார்களே, அப்போது ‘இ’-யிலா? நூலகங்களில் இன்ஷியலைப் பின்னுக்குத் தள்ளி, பெயரை முன்னால் போடுவார்கள். ராமகிருஷ்ணன், எஸ். ராஜநாராயணன், கி. அது சரியான முறை. ஆனால் வீட்டில் யாரும் ‘ராஜநாராயணன் எங்கே?’ என்று கேட்க மாட்டார்கள். ‘கி.ரா. புக்கு எங்கே?’ என்றுதான் கேட்பார்கள். லா.ச.ரா-வும் அப்படியே.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. தமிழ் நெடுங்கணக்கில் ‘ன’ முடிந்த பிறகுதான் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் வரும். அந்த ஒழுங்கை அப்படியே பின்பற்றினால் ஜானகிராமன், ஜெயகாந்தன், ஜெயமோகன் மூன்று பேரும் கடைசித் தட்டில் கிடப்பார்கள். எந்த வீட்டிலும் அதிகம் எடுக்கப்படுகிறவர்கள் அவர்கள்தான். புனைபெயர்களில் இந்தக் குழப்பம் இல்லை. சுஜாதாவை ரங்கராஜன் என்றோ, புதுமைப்பித்தனை விருத்தாசலம் என்றோ யாரும் தேடப்போவதில்லை.

ஆகவே 500 புத்தகம் வரைக்கும் அகர வரிசையே வேண்டாம் என்பது என் கட்சி. வீட்டில் எந்தப் பெயரால் கேட்கிறார்களோ, அந்தப் பெயரில் கும்பல் கும்பலாக வைத்தால் போதும். ஐந்து புத்தகத்துக்கு மேல் உள்ள எழுத்தாளருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குக் கதை, கவிதை, வரலாறு, சமையல், மருத்துவம் என்று பேச்சு வழக்கில் ஒரு பெயர். தட்டின் விளிம்பில் அந்தப் பெயரை எழுதி ஒட்டுங்கள். ஆதவன் தீட்சண்யா, பா.வெங்கடேசன் மாதிரி ஓசூர்வாசிகளின் புத்தகங்களைச் சேர்த்து ‘நம்ம ஊர்’ என்று ஒரு தட்டு வைக்கலாம். வீட்டுக்கு வருகிறவர்கள் அங்கேதான் முதலில் கை வைப்பார்கள், பாருங்களேன். நிறத்தை வைத்து வானவில் மாதிரி அடுக்குவது இன்ஸ்டாவுக்கு நன்றாக இருக்கும். அதில் புத்தகம் தேடிக் கொடுக்கச் சொல்லி யாரையும் சோதிக்காதீர்கள்.

பிரவுன் அட்டை போடும் பழக்கம் உள்ள வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். அட்டை போடுங்கள், ஆனால் முதுகில் பெயர் எழுதுங்கள். 40 பிரவுன் முதுகுகள் வரிசையாக நின்றால் புத்தகம் போட்டவருக்கே அடையாளம் தெரியாது. நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகங்களுக்கு முதுகே கிடையாது. அவற்றைத் தனியாக நிற்க வைத்தால் வளைந்துவிடும். கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டியைக் குறுக்காக வெட்டினால் அருமையான ஃபைல் ஆகிவிடும், அதற்குள் போட்டு நிறுத்துங்கள்.

உயரம் யாருக்கு?

தரையிலிருந்து மூன்றடிக்குள் இருக்கும் தட்டுகள் குழந்தைகளுக்கு. அவர்கள் புத்தகங்களை முதுகு தெரிய வைக்காமல் முகம் தெரிய வையுங்கள். படத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். திருப்பி வைக்கும்போது ஒழுங்கு தப்பினால் விட்டுவிடுங்கள். மூன்றடிக்கும் ஐந்தடிக்கும் நடுவில் உள்ளது வீட்டின் முதல்தரமான இடம். அதை எல்லா வீட்டிலும் அதிகம் படிக்கிறவர் பிடித்துக்கொள்கிறார். என்னைக் கேட்டால் அதைக் குறைவாகப் படிக்கிறவருக்குக் கொடுக்க வேண்டும். அதிகம் படிக்கிறவர் ஸ்டூல் போட்டாவது எடுத்துக்கொள்வார்.

இதை நான் ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் பெரியப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மாதம் ஒன்று இரண்டாக 40 வருடம் வாங்கிச் சேர்த்தார். கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு மர அலமாரி. சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில். பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள், சொந்தக்காரர்கள் வாங்கிப் போனால் திரும்பி வராது என்ற பயம். ஆசிரியர் சம்பளத்தில் வாங்கியவருக்கு அந்தப் பயம் நியாயம்தான். வாரம் தவறாமல் அந்தக் கண்ணாடியைத் துடைத்தது பெரியம்மா. ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்.

பெரியப்பா காலமாகி, காரியம் முடிந்த பிறகு அலமாரியை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. ஓர் அண்ணன் எடைக்குப் போட்டுவிடலாம், ரூமாவது மிச்சமாகும் என்றார். இன்னொருவர் ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார். பெரியம்மாதான் “நான் ஒருக்கா பாத்துட்டுச் சொல்றனே” என்றார். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து புத்தகங்களை இறக்கிப் பார்த்தோம். மேல் தட்டில், வார இதழிலிருந்து கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த ஒரு தொடர்கதை கிடைத்தது. எந்த வீட்டில் யார் சேர்த்ததோ, பழைய புத்தகக் கடையிலிருந்து பெரியப்பா வாங்கி வைத்திருந்தார். நடுநடுவே ஓவியங்கள், ஓரத்தில் அந்தக் காலத்து விளம்பரங்கள். பெரியம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு கீழே வைக்கவே இல்லை.

இப்போது அது அவர் இடுப்பு உயரத்தில் இருக்கும் தட்டில் இருக்கிறது. மத்தியான நேரத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். அண்ணன் மகள் நான்காம் வகுப்பு. கண் வலிக்கிறது என்றால் அவளைப் படிக்கச் சொல்வார். அவளுக்கு ஓர் எழுத்து இடறும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் ‘லை’, ‘னை’, ‘ணா’, ‘றா’ போன்ற எழுத்துகளுக்கு வேறு வடிவம். துதிக்கை வைத்த மாதிரி இருக்கும். அந்த இடம் வரும்போதெல்லாம் பேத்தி நிறுத்துவாள், பாட்டி எட்டிப் பார்த்து “அது ‘லை’டி” என்பார். அலமாரிக்கு இப்போது பூட்டு இல்லை. அவர் இந்த ஒரு வருடத்தில் எத்தனை புத்தகம் படித்தார் என்று நான் கணக்கெடுக்கவில்லை. எடைக்குப் போடும் பேச்சு மட்டும் பிறகு வரவே இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ‘பைண்டு’ இருக்கலாம். 1950-ல் ‘கல்கி’யில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ தொடரை மணியத்தின் ஓவியங்களோடு அப்படிப் பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் ஏராளம். கதை எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தப் பக்கங்கள் கிடைக்காது.

பூச்சி, புழுதி, கரையான்

ஊத்தங்கரைப் பக்கம் மழை குறைவு, புழுதி அதிகம். கடலோர ஊர்களில் பூஞ்சைதான் எதிரி. இங்கே புழுதியும் கரையானும். மாதம் ஒருமுறை கீழ்த் தட்டையாவது முழுசாக எடுத்துப் பாருங்கள். தரையிலிருந்து நாலு அங்குலமாவது உயரத்தில் முதல் தட்டு இருக்கட்டும். காகிதத்தையும் பசையையும் அரிக்கும் வெள்ளி நிற ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும்தான் பிடிக்கும். புத்தகத்தை அடிக்கடி எடுத்துப் படிக்கிற வீட்டில் அது தங்காது.

வேப்பிலை வைப்பவர்கள் பச்சையாக வைக்க வேண்டாம், ஈரம் புத்தகத்தில் இறங்கும். நிழலில் காயவைத்து, துணி முடிச்சில் வசம்போடு சேர்த்து வையுங்கள். ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து வரும் வழி இது. பாச்சை உருண்டை குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது, மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும் ஆபத்து உண்டு. பூச்சி பிடித்த புத்தகத்தை வெயிலில் மணிக்கணக்கில் காயப் போட்டால் காகிதம் மஞ்சளாகி ஒடியும். அதைவிட, காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைப்பது நல்லது. வீட்டில் திட்டு விழும், அதற்கு நான் பொறுப்பில்லை. எடுத்தவுடன் கவரைப் பிரிக்காமல் ஒருநாள் விட்டுப் பிரியுங்கள். கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். கொஞ்ச வருடத்தில் டேப் உதிர்ந்து, பழுப்புக் கறை மட்டும் நிற்கும்.

எதைக் கொடுப்பது?

இடம் போதாத வீட்டில் இந்தக் கேள்வி தப்பாது. 2018-ல் தொடங்கிப் பள்ளிப் பாடநூல்கள் மாறின. அதற்கு முந்தைய கைடுகளும் பழைய நடப்பு நிகழ்வுகள் புத்தகங்களும் இடத்தை அடைப்பதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை. தாராளமாகப் போகலாம். புதிய பாடநூல்களைத் தெருவில் தேர்வுக்குப் படிக்கிற அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். ஆனால் பழைய எழுத்தில் அச்சான எதையும் பார்க்காமல் எடைக்குப் போடாதீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின் நூலகத்தில் அந்தத் தலைப்பு இருக்கிறதா என்று போனிலேயே தேடலாம். இல்லை என்றால் உங்கள் கையில் இருப்பது அரிய பிரதியாக இருக்கக்கூடும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். சொந்த ஊரில் தன் வீட்டிலேயே சேர்த்தார். புத்தகங்கள் மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பத்திரிகைத் துணுக்குகள் வரை மற்றவர்கள் தூக்கிப் போடுவதையெல்லாம் சேர்த்தார். அவர் 1992-ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. வாங்கியும் கடல் கடத்திக் கொண்டுபோகவில்லை. இங்கேயே இருக்கட்டும் என்று 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழ் ஆய்வு செய்கிற யாரும் அந்தப் படியேறாமல் இருக்க முடியாது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்ற ஆசிரியத் தம்பதி வீட்டோடு சேர்ந்து உருவாக்கிய ‘ஞானாலயா’வில் ஒரு லட்சத்துக்கு மேல் புத்தகங்கள். கர்நாடகத்தில் பாண்டவபுரா அருகே ஹரளஹள்ளியில், சர்க்கரை ஆலைத் தொழிலாளியாக இருந்த அங்கே கவுடா லட்சக்கணக்கில் சேர்த்து, யார் வேண்டுமானாலும் வந்து படிக்கத் திறந்துவைத்தார். மூன்றுமே ஒரு வீட்டின் அடைசலாகத்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் என்ன சொல்லித் திட்டியிருப்பார்களோ!

கடன் கொடுப்பதற்கு ஆப் எதுவும் வேண்டாம். பத்து ரூபாய் நோட்டு ஒன்றை ரேக்கில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, புத்தகம், பெயர். வாங்குகிறவரே தன் கையால் எழுத வேண்டும். அப்படி எழுதியவர்கள் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எழுத மாட்டேன் என்பவருக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

கடைசியாக, புதிய ரேக் வந்த அன்றே எல்லாத் தட்டையும் நிரப்பிவிடாதீர்கள். ரங்கநாதனின் ஐந்தாவது விதி இங்கேதான் வேலை செய்கிறது. தட்டுக்கு நாலில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். இல்லையென்றால் அடுத்த புத்தகத் திருவிழா முடிந்ததும் மறுபடி டிவி ஸ்டாண்டுக்கு அடியில் போக வேண்டிவரும். அந்தக் காலி இடத்தில் வீட்டில் யாராவது ஹெல்மெட்டையும் சார்ஜரையும் வைக்கத்தான் செய்வார்கள். அடுத்த பை வரும்வரை இருந்துவிட்டுப் போகட்டும்.